‘வீடு இன்னும் தோதுப்படவில்லை’

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்று உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சிங்கப்பூரிலிருந்து ஒரு போன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன்தான், பெயர் இங்கே வேண்டாம். “சார், ஆறு வருஷமா இங்க இருக்கேன். இப்பதான் சம்பளம் ஆறாயிரம் வெள்ளியைத் தாண்டுச்சு. குடும்பத்தைக் கூட்டிட்டு வர அனுமதியும் வந்துருச்சு. வீடுதான் கிடைக்கல. ரெண்டு படுக்கையறை வீட்டுக்கு மூவாயிரம் வெள்ளி கேக்குறாங்க. ஒரு வீடு கொஞ்சம் குறைச்சலா அமைஞ்சுது, அந்தக் கட்டடத்துல வெளிநாட்டுக்காரங்க கணக்கு நெறஞ்சிருச்சுன்னுட்டாங்க. இன்னொரு வீட்டுல சமைக்கக் கூடாதாம். ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு சமைக்காம எப்படி சார்?” என்றான். கடைசியில் குரல் இறங்கிப்போய், “கூட வந்தவனெல்லாம் குடும்பத்தோட இருக்கான். எனக்கு மட்டும்தான் சார் இப்படி. துப்பில்லாதவனா ஆயிட்டேன்” என்றான்.

“உனக்கு மட்டும் இல்லடா” என்று சொன்னேன். அதற்கு மேல் போனில் விளக்க முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். நார்த்தாமலை என்ற பெயருக்கு நாரதர் மலை என்று ஊரில் கதை சொல்வார்கள். நகரத்தார்மலை என்பதே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பது ஆராய்ச்சியாளர்கள் கூற்று. இங்கே நகரத்தார் என்பது நகரம் என்ற வணிகர் சபையாரைக் குறிக்கும். சோழர் காலத்தில் இவ்வூருக்குத் தெலுங்குகுலகாலபுரம் என்று பெயர். அது ராஜராஜனின் பட்டப்பெயர்களில் ஒன்று. ஊர் நிர்வாகம் அந்த நகரத்தார் கையில் இருந்தது. ‘நானாதேசித் திசையாயிரத்து ஐநூற்றுவர்’ என்ற பெரிய வணிகக் குழுவுக்கும் இவ்வூர் முக்கியமான இடம். மேலமலையில் விஜயாலய சோழீச்சுரத்தைப் பார்க்க உங்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது இதைச் சொல்லியிருக்கிறேன். புளியோதரைப் பொட்டலம் நினைவிருக்கும், ஐநூற்றுவர் நினைவிருக்காது!

அந்த ஐநூற்றுவர் கடல் கடந்தும் வாணிகம் செய்தார்கள். சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற ஊர், கற்பூரத்துக்குப் பெயர் போனது. அங்கே 1873-ஆம் ஆண்டு ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் வெட்டியது. அந்தத் துறைமுகத்தில் ஐநூற்றுவர் கூடி எடுத்த முடிவு அதில் இருக்கிறது: கப்பலில் வருகிறவர்கள் இவ்வளவு பொன் செலுத்த வேண்டும் என்று. அந்த இடத்துக்கு ‘தேசி உய்யக்கொண்ட பட்டினம்’ என்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அதற்கும் முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு குளம் வெட்டப்பட்டது. அதை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் விட்டதாக அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று போனவர்கள் தனித்தனி ஆளாகப் போகவில்லை, குழுவாகப் போனார்கள். தங்க இடமும் தண்ணீருக்குக் குளமும் குழுவின் பொறுப்பில் இருந்தன. ‘எனக்கு ஒரு இடம் பார்த்துக்கொடு’ என்று தனி ஆள் தெருத்தெருவாக அலைய வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆயிரம் ஆண்டு தாண்டி வருவோம். 19-ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று போன நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பாருங்கள். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அரண்மனை மாதிரி வீடுகள். ஆனால் அந்த வீட்டுக்கு உடையவர் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் எங்கே படுத்தார்? கிட்டங்கியில்! நீளக் கூடம். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி. பகலில் அதுதான் கடை, அதுதான் கணக்குமேசை. ராத்திரி அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுக்கை. சமையல் பொது. மூன்று ஆண்டு போல ஒரு தவணை முடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். காசு இல்லாமலா அப்படி இருந்தார்கள்? இல்லை. அங்கே இருந்தது தொழிலுக்கான இடம், குடும்பத்துக்கான வீடு செட்டிநாட்டில் என்று கணக்கே அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

காசில்லாமல் போனவர்கள் கதை வேறு. நம் புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர்கள் குடும்பமாகவே போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது லயம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. வாடகை இல்லை. ஆனால் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் இடமும் போகும். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படித் ‘தாயகம் திரும்பியோர்’ பிள்ளைகள் என் வகுப்பிலும் படித்தார்கள். வீட்டுப் படம் வரையச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு சூரியன் போடுவார்கள். அதில் ஒரு பிள்ளை மட்டும் நீளமாக ஒரு கூரை போட்டு, வரிசையாக எட்டுக் கதவு வரைந்தது. “இதுல உன் வீடு எது?” என்று கேட்டேன். மூன்றாவது கதவைத் தொட்டுக் காட்டியது.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். உறவுகளுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

என் பெரியப்பா 1948-இல் சிங்கப்பூர் போனார். நம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டு. கல்யாணமாகி ஒன்பது மாதம். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார். ஆறு மாதத்தில் பெரியம்மாவை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு.

அவர் தங்கியது ஒரு கடைவீட்டின் மாடியில், பன்னிரண்டு ஆண்களோடு. ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் எழுந்து போன பாயில் பகல் ஷிப்ட் பார்ப்பவர் படுப்பார். மாதக் கூலியில் பாதி ஊருக்கு வரும். மீதியில் தனி வீடு பார்க்க முடியாது. பலகை தடுத்த, ஜன்னல் இல்லாத அறைக்கே கேட்ட வாடகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1953-இல் குடியேற்றச் சட்டமும் இறுகியது.

நான் நான்காம் வகுப்பு வந்ததிலிருந்து அவர் கடிதங்களைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டும் வேலை என்னுடையது. அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. நலம், நலமறிய ஆவல், பணம் அனுப்பிய விவரம், மழை உண்டா என்ற விசாரிப்பு. கடைசி வரிக்கு முன்னால் தவறாமல் ஒன்று வரும்: ‘வீடு இன்னும் தோதுப்படவில்லை.’ ஒருமுறை சீக்கிரம் விளையாடப் போகும் அவசரத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். “வீட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலியா ராசா?” என்று பெரியம்மா கேட்டது. திரும்ப எடுத்து வாசித்தேன். “அதானே” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

நான் அந்தக் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆங்கிலேயர் காலத்தில் 1927-இல் தொடங்கிய நகர மேம்பாட்டு அமைப்பு, 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். 1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. மறு ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். வேலை வேகம் பிடித்தது. முதல் ஐந்து ஆண்டுகளிலேயே 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 1964-இல் வாடகைக்குப் பதில் சொந்தமாக வாங்கும் திட்டம். 1968-இல் மத்திய சேம நிதியில் உள்ள பணத்தையே வீட்டுக்குக் கட்டலாம் என்று வழி செய்தார்கள். கூலித் தொழிலாளியும் தன் சேமிப்பில் வீடு வாங்க முடிந்தது. இன்று அந்நாட்டில் வசிப்போரில் நூற்றுக்கு 80 பேர் அளவில் இருப்பது கழக வீடுகளில்தான். தமிழர்களும் அதில் உண்டு.

அப்படியென்றால் பெரியப்பாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர் குடியுரிமை எடுக்கவில்லை. எடுத்தால் ஊர்ச் சொத்துக்கு உரிமை போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். இன்னொன்று, அந்த வீட்டுக்குக் குடும்பமாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் குடும்பம் நார்த்தாமலையில் இருந்தது. குடும்பம் அங்கே இருந்தால்தான் வீடு. வீடு இருந்தால்தான் குடும்பத்தை அழைக்க முடியும். இந்தச் செக்குமாட்டு வட்டத்தை உடைக்க, முதல் ஆறு மாதம் ‘என் வீட்டில் ஒரு அறையில் இருங்கள்’ என்று சொல்ல அங்கே அவருக்கு ஒரு சொந்தம் இல்லை. இதுதான் உண்மைக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1974-இல் திரும்பி வந்துவிட்டார். சேர்த்த பணத்தில் இங்கேயே ஆத்தங்குடிக் கல் பதித்து வீடு கட்டினார். ஆனால் அறைக்குள் தனியாகப் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. திண்ணையில் வந்து படுத்துக்கொள்வார். ஏழு ஆண்டு இருந்தார், 1981-இல் காலமானார்.

இப்போது நம் பையன் கதைக்கு வாருங்கள். அவன் பெரியப்பா மாதிரி இல்லை. படித்தவன், நல்ல சம்பளம். ஆனால் வட்டம் அதேதான். கழக வீட்டை நேரடியாக வாங்கக் குடியுரிமை வேண்டும். நிரந்தரவாசியானால், அதன்பின் மூன்று ஆண்டு கழித்துக் குடும்பமாக மறுவிற்பனை வீடு வாங்கலாம். அதுவரை வாடகைதான். 2022-இல் மட்டும் அங்கே தனியார் வீட்டு வாடகை 30 சதவீதம் அளவுக்கு ஏறியது. கழக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுப்பதிலும், 2014 முதல் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்குப் பேட்டைக்கு 8, கட்டடத்துக்கு 11 சதவீதம் என்று வரம்பு உண்டு. ஒரே கூட்டமாகச் சேர்ந்து தனிப்பேட்டை ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். அந்த நாட்டின் பார்வையில் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஐநூற்றுவர் வைத்த மாதிரி தனிப் பட்டினமெல்லாம் இனி நடக்காது. வேலை அனுமதிச் சீட்டில் போன நம் கட்டடத் தொழிலாளிகளுக்கோ குடும்பத்தை அழைக்கும் வாய்ப்பே கிடையாது. தங்கும் விடுதிதான். பெரியப்பாவின் மாடி இன்று வேறு பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தம்பி, நீ துப்பில்லாதவன் இல்லை. வெளிநாட்டில் வேலை தனி ஆளுக்குக் கிடைத்துவிடும். குடும்பத்துக்கு வீடு தனி ஆளின் சம்பளத்தால் மட்டும் அமைந்ததாக நான் படித்த சரித்திரத்தில் அதிகம் இல்லை. ஒன்று, பின்னால் ஒரு குழு இருந்தது. அல்லது ஒரு தோட்டம் இருந்தது, அதற்கு விலையாக ஆயுளைக் கொடுத்தார்கள். அல்லது ஓர் அரசு நினைத்தது. இவை இல்லாதவன் கடிதத்தில் ஒரே வரியை இருபத்தாறு ஆண்டு எழுதினான்.

இனி மற்றவர்களுக்கு. சிங்கப்பூரில் குடியுரிமையோடு, சொந்த வீட்டோடு இருக்கும் என் மாணவர்கள் எனக்குத் தெரிந்தே பதினோரு பேர். நீங்களும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் வீட்டு அறையில் இருந்துதான் தலையெடுத்தீர்கள். அந்த ஊர் விதிக்கு உட்பட்டு, ஒரு அறையை நாலு மாதம், அதுவும் சமையலோடு, இந்தக் குடும்பத்துக்கு நியாயமான வாடகைக்குத் தர முடிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். பொதுவில் எண் போட வேண்டாம். வீட்டுக்காரர் யாரையாவது தெரிந்தால் ‘நல்ல குடும்பம், நான் பொறுப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஜனவரியில் அங்கே பள்ளி திறந்துவிடும், அதற்குள் ஆக வேண்டும்.

கனடா, லண்டன், துபாயில் இருப்பவர்களும் அங்கங்கே புதிதாக வந்து வீடு தேடும் நம் பிள்ளைகள் யார் யார் என்று கொஞ்சம் விசாரியுங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். நீங்களே முதலில் கேளுங்கள்.

பங்குனியில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும். பெரியப்பா கட்டிய வீட்டில்தான் நான் இருக்கிறேன். திண்ணை அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்,
நார்த்தாமலை