வீடு பள்ளிக்கு, பள்ளி வீட்டுக்கு: இரு நாடுகளின் டிசம்பர் வகுப்பறைகள்

விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் வகுப்பில் பாடம் நடக்காது என்பது எல்லா ஊர்ப் பெற்றோரும் போடும் கணக்கு. டிசம்பர் மூன்றாம் வாரத்து அமெரிக்க அரசுத் தொடக்கப்பள்ளியையும் அதே வாரத்து ஜப்பானிய அரசுத் தொடக்கப்பள்ளியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு இரண்டிடத்திலும் பாதிதான் சரியாக வருகிறது. பாடப்புத்தகம் பின்னுக்குப் போவது உண்மை. அதன் இடத்துக்கு வருவது எது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. அமெரிக்கப் பள்ளி அந்த வாரத்தில் வீட்டைத் தன் வகுப்பறைக்குள் அழைத்துக்கொள்கிறது. ஜப்பானியப் பள்ளியோ பிள்ளையின் கூடவே கிளம்பி வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த எதிரெதிர் நடையை முதலில் உடையிலும் காலணியிலும் காணலாம். பல அமெரிக்கப் பள்ளிகளில் கடைசி நாட்களில் ஒன்று பைஜாமா நாள். பிள்ளைகள் இரவு உடையிலும் மெத்தென்ற வீட்டுச் செருப்பிலும் கரடிப் பொம்மையோடு வருவார்கள்; ஆசிரியை கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ (1985) கதையை வாசிப்பார்; சூடான சாக்லேட் பானம் கை மாறும். வகுப்புக்கென்று முன்வந்த பெற்றோர் தின்பண்டங்களோடு பின்னால் நிற்பார்கள். ஒவ்வாமை அச்சத்தால் வீட்டில் சுட்டதைக் கொண்டுவர இப்போது பல மாவட்டங்களில் அனுமதியில்லை. சேர்மானப் பட்டியல் ஒட்டிய கடைச் சரக்குதான் உள்ளே வரலாம். வீட்டை வரவேற்கிறார்கள், சோதித்துப் பார்த்து வரவேற்கிறார்கள்.

ஜப்பானிலோ செருப்பு எதிர்த்திசையில் நடக்கிறது. பள்ளிக்குள் மட்டும் அணியும் ‘உவாபாகி’ என்ற வெள்ளைக் காலணி, துவைப்பதற்காகப் பையில் ஏறி வீட்டுக்குப் போகிறது. தூரிகைப் பெட்டி, ஊதி வாசிக்கும் கீபோர்டு, மேசையறைப் பெட்டி என்று வகுப்பறையே தவணை தவணையாகக் காலியாகிறது. எல்லாவற்றையும் கடைசி நாளில் சுமக்க வேண்டாம், ஒரு வாரம் முன்பிருந்தே பிரித்து எடுத்துப் போங்கள் என்பது ஆசிரியர்களின் வழக்கமான அறிவுரை. கடைசி நாளில் இருகையிலும் பையைத் தொங்கவிட்டுத் தள்ளாடிப் போகும் பிள்ளை அப்படியும் வகுப்புக்கு ஒன்றிரண்டு உண்டு.

மூட்டையோடு சேர்ந்து விடுமுறைக் கையேடு ஒன்றும் போகிறது. எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், சாலையில் எப்படி நடக்க வேண்டும், புத்தாண்டுக்குப் பெரியவர்கள் தரும் பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டில் தினமும் செய்யும் ஒரு வேலையைக் குறித்துவைக்கக் கட்டம் இருக்கும். பெற்றோர் எழுத இடமும் இருக்கும். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் இந்த நாட்களுக்கு வீட்டுப்பாடமே தருவதில்லை. மிஞ்சினால் தினமும் சற்று நேரம் வாசியுங்கள் என்று சொல்லி விடுவார்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது என்பதில் பள்ளி தலையிட்டால் அங்கே பெற்றோரின் புருவம் உயரும். ஜப்பானில் தலையிடாவிட்டால்தான் உயரும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது துப்புரவு. இரண்டும் எட்டாத தூரத்தில் நிற்பதாகத் தோன்றும் இடம் இது. ஜப்பானியப் பிள்ளைகள் நாள்தோறும் தம் வகுப்பறையைத் தாமே பெருக்கித் துடைப்பவர்கள் என்பது உலகறிந்த செய்தி. பருவ முடிவில் அது ‘ஓசோஜி’ என்னும் பெருந்துப்புரவாக வளர்கிறது. மேசைகள் நடைபாதைக்கு நகரும்; சன்னல் தண்டவாளத்து அழுக்கு குச்சியால் சுரண்டப்படும்; தரைக்கு மெழுகு பூசப்படும். ஆண்டு முடியுமுன் பழைய அழுக்கு போக வேண்டும் என்ற எண்ணம், போகிக்கு வீட்டை ஒழித்துக் கழுவும் நமக்குப் புதிதல்ல. நம்மிடம் அது வீட்டு வேலை, அங்கே பாடவேளை.

அமெரிக்கப் பள்ளியில் துப்புரவுக்கெனப் பணியாளர் இருக்கிறார். பிள்ளை துடைப்பத்தைத் தொடுவதில்லை. ஆனாலும் விடுமுறைக்கு முன் அங்கே ஒரு விநோதம் நடக்கும். ஆசிரியை ஒவ்வொரு மேசையிலும் ஒரு குவியல் ஷேவிங் கிரீமைப் பீய்ச்சுவார். பிள்ளைகள் நுரையை மேசை முழுக்கப் பரப்பி, அதில் விரலால் அந்த வாரத்துச் சொற்களை எழுத்துக்கூட்டி எழுதுவார்கள், அழிப்பார்கள், மீண்டும் எழுதுவார்கள். அரைமணி கழித்துத் துடைத்தால் நான்கு மாதப் பென்சில் கிறுக்கலும் பசைக் கறையும் நுரையோடு போயிருக்கும். பிள்ளை தன் மேசையைத் தானே கழுவிவிட்டது. ஆனால் அது பிள்ளைக்குத் தெரியாது. ஜப்பானியப் பள்ளி துப்புரவைத் துப்புரவு என்று சொல்லியே கற்பிக்கிறது. அமெரிக்கப் பள்ளி அதே வேலையை விளையாட்டுக்குள் மறைத்து வாங்கிக்கொள்கிறது.

அந்த நுரை எழுத்துக்கும் எதிரில் ஓர் இணை உண்டு. டிசம்பரில் ஜப்பானியப் பிள்ளைகள் ‘காகிஸோமே’ எனப்படும் ஆண்டின் முதல் எழுத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகையும் மையும். அதற்குக் கீழே பென்சில். நீளத் தாளை விரிக்க மேசை போதாது என்பதால் பல பள்ளிகளில் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையில் வரிசையாக முழந்தாளிட்டு எழுதுகிறார்கள். விடுமுறையில் வீட்டில் எழுதி வருவது ஜனவரியில் நடைபாதைச் சுவர்களில் தொங்கும். ஒரு பக்கம் அழிப்பதற்கென்றே எழுதும் எழுத்து; மறுபக்கம் ஒரு தீற்றலைக்கூடத் திருத்த வழியில்லாத எழுத்து. இரண்டிலும் பிள்ளை தோள் அசைய, உடம்பால் எழுதுகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் குறிப்பேட்டுக் கோடுகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கைக்கு இரு நாடுகளும் ஒரே வாரத்தில் விடுதலை கொடுப்பது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்கத் தக்க தற்செயல்.

கணக்கில் இணை தேடினால் இடைவெளிதான் கிடைக்கும். ஜப்பானிய இரண்டாம் வகுப்பினர் இந்தப் பருவத்தில்தான் ‘குகு’ என்னும் ஒன்பதாம் வாய்ப்பாடு வரையிலான 81 வரிகளை ராகம்போட்டு மனப்பாடம் செய்கிறார்கள். ஐந்தாம் வாய்ப்பாட்டிலும் இரண்டாம் வாய்ப்பாட்டிலும் தொடங்குவது பாடநூல் வழக்கம். ஆசிரியரிடமும் பின்பு வீட்டாரிடமும் ஒப்பித்துக் குறி வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்தரம் ஒற்றை இலக்கப் பெருக்கலை மூன்றாம் வகுப்பின் முடிவில்தான் நினைவிலிருந்து கேட்கிறது. பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்து வளர்ந்தவர்களுக்கு இரண்டுமே சலுகையாகப் படலாம்.

பருவ அமைப்பிலும் வேறுபாடு உண்டு. மூன்று பருவமுறைப் பள்ளியில் ஜப்பானியப் பிள்ளைக்கு டிசம்பரோடு ஒரு பருவம் நிறைவடைகிறது; நிறைவு விழாவும் உண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து மதிப்பீட்டு அட்டை தருவதும் உண்டு. அமெரிக்க மாவட்டங்கள் பலவற்றில் அரையாண்டு முடிய ஜனவரி ஆகும். அதனால் அங்கே விடுமுறை, பாடத்தின் நடுவே விழுந்த இடைவேளை. எனவே விழாவெல்லாம் கொண்டாட்டத்தின் பக்கம் சாய்கிறது.

எதைக் கொண்டாடுவது? அங்கேதான் அமெரிக்கப் பள்ளிக்கு நெருக்கடி. கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டில் அரசுப் பள்ளி ‘கிறிஸ்துமஸ்’ என்ற பெயரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறது. அரசுப் பள்ளியில் வழிபாட்டை 1962-இலும், பைபிள் வாசிப்பை 1963-இலும் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தென் டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் 1977-இல் நடந்த ஒரு பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியிலிருந்து கிளம்பிய வழக்கில், கலை, பண்பாட்டு நோக்கோடு நடத்தினால் மதச் சார்புள்ள பாடல்களும் இடம்பெறலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. பள்ளிகளின் இன்றைய தீர்வு பெரும்பாலும் பன்மை: ஹனுக்கா விளக்கு, 1966-இல் பிறந்த க்வான்ஸா, ஊசியிலை மரம் எல்லாம் அடுத்தடுத்த நாட்களில். அல்லது பனிமனிதனும் பனித்துகளும் மட்டும்.

ஜப்பானில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அங்கும் அரசு மதக் கல்வி தருவதை அரசமைப்பின் 20-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் டிசம்பர் மதிய உணவில் கிறிஸ்துமஸ் பெயரிட்ட பட்டியலே வருகிறது. கோழி இறைச்சியும் கேக்கும் தட்டில் இருக்கும். எந்தக் கேக் வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. குளிர்காலச் சங்கிராந்தியை ஒட்டிப் பூசணிக்காயும் வரும். நம்பிக்கை உள்ள இடத்தில் சொல்லுக்குப் பாரம் இருக்கிறது, தூக்கவே யோசிக்கிறார்கள். இல்லாத இடத்தில் அது வெறும் இனிப்பு. எந்தப் பள்ளி மதச்சார்பற்றது என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் முன்வர மாட்டேன்.

யாரையும் புண்படுத்தாத அந்தப் பனித்துகளைச் சற்று உற்றுப் பார்க்கலாம். காகிதத்தை மடித்து வெட்டிச் சன்னலில் ஒட்டுவது இரு நாட்டு வகுப்பறைக்கும் பொது. சும்மா பாதிபாதியாக மடித்துக்கொண்டே போனால் எட்டு முனைதான் வரும். பனித்துகளுக்கு ஆறு முனை. அதற்குப் பாதியை மூன்றாக மடிக்க வேண்டும். பாடம் நடக்காத வாரத்தில் கோணக் கணக்கு இப்படி நுழைகிறது. அமெரிக்க ஆசிரியை இதோடு சேர்த்து வெர்மான்ட்டின் ஜெரிக்கோ ஊர் விவசாயி வில்சன் பென்ட்லியின் கதையைச் சொல்வது வழக்கம். முன்பு ஆசிரியையாக இருந்த தாயிடம் வீட்டிலேயே கற்றவர் அவர். 1885 ஜனவரியில் பனிப்படிகத்தை நுண்ணோக்கி வழியே படம்பிடித்தார். 1931-இல் அவருடைய படத்தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23-இல் இறந்தார். அந்தத் தொகுப்பு ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயாவை ஈர்த்தது. 1936-இல் அவர் குளிர்அறையில் முயல் மயிர்நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். பென்ட்லி தேடியது அழகையும் சமச்சீரையும். நகாயாவோ சிதைந்தவையும் கோணியவையுமே வானிலிருந்து மிகுதியாக விழுகின்றன என்று கண்டு அவற்றையும் வகைப்படுத்தினார். கத்தரி வழுக்கிய பிள்ளையின் ஐந்தரை முனைத் துகளுக்கு அவர் அட்டவணையில் எங்காவது இடம் கிடைத்திருக்கும்.

இவ்விரு வகுப்பறைகளுக்கும் இடையே இதைவிட நெருங்கிய உறவைச் சொல்வது ஒரு பால் பெட்டி. அமெரிக்கப் பிள்ளைகள் மதிய உணவில் வரும் அரை பைன்ட் காலிப் பால் பெட்டியின் மேல் சர்க்கரைக் குழம்பைப் பூசி, கிரகாம் பிஸ்கட்டுகளை ஒட்டி, மிட்டாயால் ஓடு வேய்ந்து ‘இஞ்சி ரொட்டி வீடு’ கட்டுகிறார்கள். சர்க்கரை காயுமுன் சுவர் சாயும். உள்ளே பெட்டி இருப்பதால் வீடு விழாது. ஜப்பானியப் பிள்ளைகள் 200 மில்லி பால் பெட்டியைப் பல ஊர்களில் பிரித்து, அலசி, கவிழ்த்துக் காயவைத்து மறுசுழற்சிக்குத் தருகிறார்கள். ஒரே பெட்டி இங்கே மாளிகை, அங்கே ஒழுக்கப் பயிற்சி.

இரண்டு பெட்டிகளின் பின்னாலும் ஒரே ஆண்டு நிற்கிறது. 1946 ஜூன் 4-இல் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். போருக்கு ஆளெடுத்தபோது வெளிப்பட்ட ஊட்டக்குறையும் தேங்கிக் கிடந்த பண்ணை விளைபொருளும் அதற்குக் காரணங்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ‘லாரா’ என்ற அமெரிக்க நிவாரண அமைப்பின் பொருட்களோடு முதல் கப்பல் யோகோஹாமா வந்தது. பால்பொடியும் டப்பா உணவும் அதில் இருந்தன. அமெரிக்கத் திருச்சபைகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து உண்டாக்கிய அந்த அமைப்புக்கு, போர்க்கால முகாம்களில் அடைபட்டு அண்மையில்தான் வெளிவந்திருந்த ஜப்பானிய வம்சாவளியினரும் திரட்டித் தந்தார்கள். டிசம்பர் 24-இல் டோக்கியோ, கனகாவா, சிபா ஆகிய மூன்று மாவட்டங்களில் அந்தப் பொருட்களைக் கொண்டு பள்ளி உணவு பரிசோதனையாக மீண்டும் தொடங்கியது. கரைத்த பால்பொடியின் வாடையை அந்தத் தலைமுறை முதுமை வரை மறக்கவில்லை. அமெரிக்கப் பள்ளிகள் பெயர் சொல்லத் தயங்கும் பண்டிகையின் முன்னாளில், அமெரிக்கத் திருச்சபைகளின் கொடை ஜப்பானிய அரசுப் பள்ளிகளின் உணவு மேசைக்கு வந்திருந்தது.

டிசம்பர் 24 இன்றும் ஜப்பானில் பள்ளி உணவுக்கு நன்றி சொல்லும் நாளாகவே கருதப்படுகிறது. ஆனால் அந்த நாளில் பள்ளி உணவே கிடையாது, விடுமுறை வந்துவிடும். எனவே 1950 முதல் ஜனவரி 24 தொடங்கி 30 வரை பள்ளி உணவு வாரம் என்று மாற்றிக்கொண்டார்கள். 1889-இல் யாமகட்டாவின் சுருவோகாவில் கொடுத்த முதல் பள்ளி உணவான சோற்று உருண்டையும் உப்பிட்ட மீனும் அந்த வாரத்தில் பல பள்ளிகளில் மீண்டும் தட்டுக்கு வரும். ட்ரூமன் கையெழுத்திட்ட ஜூன் 4-உம் பல அமெரிக்க மாவட்டங்களில் பள்ளி மூடிக் கிடக்கும் நாள்தான். அவர்களும் பள்ளி உணவு வாரம் வைத்திருக்கிறார்கள். 1962-இல் சட்டமாக்கி, அதை அக்டோபரில் வைத்தார்கள்.