பொருள் நெருக்கடியும் கல்லூரி விளையாட்டும்

கல்வி நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் தாபகர், அதிபர்கள், பரீட்சைப் பேறுகள் ஆகியவற்றை முறையாகத் தொகுத்துரைப்பர். விளையாட்டு வெற்றிகளுக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்குவர். ஆயின் அவ்வெற்றிகளுக்கு வேண்டிய பொருளை யார் ஈந்தனர், எக்காலத்தில் ஈந்தனர், ஈந்ததன் பயனாக எவ்வுரிமையைப் பெற்றனர் என்பன பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. பந்தும் மட்டையும் விலைக்கு வாங்கப்படுவன. ஆடுகளம் கூலி கொடுத்துப் பேணப்படுவது. பயிற்றுநருக்கும் வேதனம் உண்டு. நாடு செழித்திருக்குங்கால் இச்செலவை வினாவுவார் இலர். முட்டு வந்தவிடத்தே, விளையாட்டுக்கென நிதி திரட்டுதல் இவ்வேளையில் தகுமா என்னும் வினா எழுகின்றது. அவ்வினா நம் நாட்டிலும் அமெரிக்காவிலும் எழுந்தவாற்றை நோக்கி, அதனுள் மறைந்து கிடக்கும் வேறொரு வினாவை வெளிக்கொணர்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மட்டக்குளிக்கு அயலிலுள்ள முகத்துவாரத்திலிருந்து இதனைத் தொடங்குதல் பொருத்தமாகும். 1851 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் அங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சப்மன் என்பார் சென் தோமஸ் கல்லூரியை அங்கே தாபித்தார். துறைமுகத்து நிலக்கரித் தூசியால் அவ்விடம் மாணவர் உடல்நலத்துக்கு ஒவ்வாததாயிற்று. 1918 இல் கல்லூரி கல்கிசைக்குப் பெயர்ந்தது. இன்று கல்கிசைக் கடற்கரையோடு சேர்த்தே அதன் பெயரை நினைப்போர், அதன் முதல் 67 ஆண்டுகள் வடகொழும்பிற் கழிந்தன என்பதை மறந்துவிடுகின்றனர். இக்கல்லூரிக்கும், பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமிக்கும் இடையே 1879 இல் கிறிக்கற் போட்டி தொடங்கிற்று. அக்கடமியின் ஆசிரியர் அஷ்லி வோக்கர் இம்முயற்சியில் முன்னின்றவர். முதலாண்டில் ஆசிரியரும் மாணவரும் கலந்து ஆடினர். 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடினர். யாழ்ப்பாணத்திலும் 1904 தொட்டு மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தி வரலாயின. இன்றைய பொருளில் அனுசரணையாளர் எனப்படும் இனத்தார் அக்காலத்தில் தோன்றவில்லை. போட்டி கல்லூரிக்கு உரியதாய் இருந்தது. பார்க்க வந்தோர் விருந்தினராய் இருந்தனர்.

விருந்தினர் பங்காளராகிய வரலாறு கல்விச் சட்டங்களோடு பிணைந்தது. 1945 ஆம் ஆண்டு ஒக்ரோபரில், கன்னங்கரா அவர்களின் பெருமுயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1951 இல் உதவி பெறும் பாடசாலைகள், இலவசத் திட்டத்திற் சேர்வதா, அரசினர் நன்கொடையைத் துறந்து கட்டணம் பெறுவதா என்று தெரிவு செய்ய வேண்டியவாயின. சென் தோமஸ் கல்லூரி இரண்டாவது வழியைத் தெரிந்தது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. தனித்து நிற்க விரும்பிய சில, கட்டணமும் பெறாது, நன்கொடையும் பெறாது நடைபெற வேண்டிய நிலைக்கு உள்ளாயின. அரசினர் பாடசாலைக்கு ஆசிரியர் வேதனத்தை அரசு தந்தது. ஆடுகளத்தின் பச்சைப் புல்லை அது பேணித் தரவில்லை. தனியார் பாடசாலைக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இவ்விடைவெளியிலேதான் பழைய மாணவர் சங்கமும், ஆட்டத்தின் ஆர்வலரும், பின்னாளில் வணிக நிறுவனங்களும் புகுந்தன. சிறப்பு மலர், விளம்பரம், நுழைவுச் சீட்டு, களியாட்டு விழா, இராப்போசன விருந்து எனப் பலவாறாக நிதி சேர்ந்தது. எனவே கல்லூரி விளையாட்டின் பொருளாதாரம் ஆர்வலர் கைக்கு மாறியமை எவருடைய பேராசையாலும் அன்று; அரசும் நிருவாகமும் நிரப்பாது விட்ட வெற்றிடத்தினாலே என்பது தெளிவு.

இனி, முட்டுற்ற காலத்தில் விளையாட்டு நின்றுவிட்டதா எனின், நின்றதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், றோயல், சென் தோமஸ் ஆகிய இரு கல்லூரிகளின் கட்டடங்களும் படையினர் தேவைக்கு எடுக்கப்பட்டன. மாணவர் வெவ்வேறிடங்களிற் சிதறிப் பயின்றனர். அரிசி பங்கீட்டுக்குள்ளான அக்காலத்திலும் இருவர்க்குமிடையிலான போட்டி விடுபடவில்லை. கொழும்புத் தமிழர் வரலாற்றிலும் இதற்கு இணையான சான்று ஒன்றுண்டு. 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகம், பைக்கியசோதி சரவணமுத்து அவர்கள் முன்னின்றுழைக்க, அப்போர்க் காலத்திலேயே ஓவல் மைதானத்தை ஆக்கி 1945 இல் நிறைவு செய்தது. மூன்றாண்டு கழித்து டொன் பிரட்மனின் அணி அங்கே ஆடிற்று. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ற் போட்டியை இங்கிலாந்தோடு ஆடியதும், 1985 செப்ரெம்பரில் இந்தியாவை வென்று தன் முதலாவது டெஸ்ற் வெற்றியைப் பெற்றதும் அம்மைதானத்திலேயாம். இது கல்லூரி மைதானம் அன்று. ஆயினும் பஞ்ச காலத்தில் விளையாட்டுக்கு இட்ட பொருள் யாவும் வீண் என்பார்க்கு இது தக்க விடையாகும்.

எனினும் 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி வேறு வகையது. அவ்வாண்டு ஏப்பிரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதலை அரசு இடைநிறுத்தியது. கடதாசி இன்மையால் மேல் மாகாணத்துத் தவணைப் பரீட்சைகள் மார்ச்சு மாதத்திற் பிற்போடப்பட்டன. எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மூடப்பட்டன. செப்ரெம்பரளவிற் கொழும்பு நுகர்வோர் விலை மட்டம் முந்திய ஆண்டினும் ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது. வீடுகள் இருளில் மூழ்கிய யூன் மாதத்தில், வடகொழும்பை அடுத்த கெத்தாராம மைதானத்தில் அவுஸ்திரேலிய அணி மின்னொளியில் ஆடியது. ஒளி ஈண்டு எரிதல் தகுமா என்று ஒரு சாரார் கேட்டனர். மறு சாரார் 24 ஆம் நாள் மஞ்சளாடை புனைந்து சென்று, இத்துன்பத்தின் நடுவே வந்தமைக்காக அவ்வணிக்கு நன்றி கூறினர். அவ்வணியினர் தம் பரிசுப் பணத்தை இலங்கைச் சிறார்க்கென யுனிசெப் நிறுவனத்துக்கு அளித்தனர். செப்ரெம்பர் 11 ஆம் நாள் ஒன்றிலேயே இலங்கை, கிறிக்கற்றில் ஆசியக் கிண்ணத்தையும், வலைப்பந்தாட்டத்தில் ஆசிய வாகையையும் வென்றது. வலைப்பந்தாட்ட அணியில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடினார். பசித்திருந்த மக்களும் அன்று வீதிக்கு வந்து மகிழ்ந்தனர். விளையாட்டு அரிசிக்கு ஈடாகாது. ஆயின் அரிசி தராத ஒன்றை அது தருகின்றது.

இவ்விவாதத்தை நெடுங்காலமாகவும் வெளிப்படையாகவும் நடத்தியவர் அமெரிக்கராவர். அந்நாட்டிற் பல்கலைக்கழக விளையாட்டு ஒரு தனித் திணைக்களம். அதற்கெனத் தனி வரவு செலவும், தனி நன்கொடையாளர் கூட்டமும் உண்டு. 1929 ஒக்ரோபரில் கார்னெகி நிறுவனம் கல்லூரி விளையாட்டுப் பற்றிய ஆராய்ச்சி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஆராயப்பட்ட நிலையங்களுள் நான்கில் மூன்று பங்கினவரை, ஆட்டக்காரர்க்கு ஏதேனும் ஒருவகையிற் பொருளுதவி அளித்தனவாக அது காட்டிற்று. அதே மாதத்தில் நியூயோர்க்குப் பங்குச் சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கிற்று. விழாக்கால மைதானங்களைக் கடன்பட்டுக் கட்டிய கல்லூரிகள் கடனுக்கு வட்டி தேடித் திகைத்தன.

அவ்வாண்டிலேயே தமது 30 ஆம் வயதிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்றவர் றொபேட் ஹட்சின்ஸ். அமோஸ் ஸ்ராக் என்னும் பயிற்றுநர் 40 ஆண்டுகள் வளர்த்த உதைபந்தாட்ட அணி அப்பல்கலைக்கழகத்துக்கு உரியது. பிற்காலத்தில் ஹைஸ்மன் பரிசு எனப் புகழ்பெற்ற விருதை 1935 இல் முதன்முதற் பெற்ற வீரரும் அங்குள்ளவரே. நுழைவுக் கட்டண வருவாயே நோயின் வேர் எனக் கருதிய ஹட்சின்ஸ், அக்கட்டணத்தைப் பத்துச் சதமாகக் குறைத்துவிட்டால் விளையாட்டுத் தூய்மை பெறும் என எழுதினார். 1939 இல் மிச்சிகன் அணியிடம் 85 க்கு 0 எனத் தோற்றபின், அவ்வாண்டு திசெம்பரில் உதைபந்தாட்டம் முற்றாக நீக்கப்பட்டது. ஆட்டம் ஓய்ந்த அம்மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டின் கீழேயே 1942 திசெம்பர் 2 ஆம் நாள் முதலாவது செயற்கை அணுத் தொடர்வினை நிகழ்ந்தது. கல்லூரி தன் ஆட்டத்தின்மீது தனக்குள்ள உரிமையை மீட்டது என்பது ஒருபுறம். 1969 வரையும் மாணவர் அவ்வாட்டத்தை இழந்திருந்தனர் என்பது மறுபுறம்.

இதற்கு நேர்மாறானது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்து வரலாறு. 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப்பின் மாநில அரசின் உதவி சுருங்கிற்று. 2009 நவம்பரில் மாணவர் கட்டணம் 32 சதவீதம் உயர்த்தப்பட்டது. அதே காலத்தில், நிலநடுக்கப் பிளவின்மேல் நின்ற மைதானத்தைப் புதுப்பிக்க 30 கோடி டொலருக்கு மேற்பட்ட திட்டம் நடந்தது. ஆசனங்களுக்கான நெடுங்கால உரிமையை ஆர்வலர்க்கு விற்று அக்கடனைத் தீர்க்கலாம் என்பது கணிப்பு. நெருக்கடியில் அவ்விற்பனை தளர்ந்தது. விளையாட்டுத் திணைக்களத்துக்குப் பொது நிதியிலிருந்து கொடுத்தலை நிறுத்துமாறு பேராசிரியர் அவை தீர்மானித்தது. 2010 செப்ரெம்பரில் ஐந்து விளையாட்டுகளை நிறுத்தப் போவதாக நிருவாகம் அறிவித்தது. உடனே ஆர்வலர் நிதி திரட்டினர். ஐந்தையும் காக்கப் போதாத தொகையே முதலிற் சேர்ந்தது. அதைக்கொண்டு, மகளிர் சீருடற்பயிற்சி, மகளிர் லக்றோஸ், றக்பி ஆகிய மூன்றையுமே 2011 பெப்ரவரியில் நிருவாகம் காத்தது. ஆடவர் மகளிர் சமத்துவத்தை வேண்டும் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் அம்முடிவுக்கு அடிப்படையாயிற்று. தாம் அளித்தது தம் விருப்பத்திற்குரிய ஆட்டத்துக்குச் செல்லவில்லை என்று பேஸ்போல் ஆர்வலர் மனம் வெதும்பினர். பின்னும் திரட்டி ஏப்பிரலிற் தம் ஆட்டத்தையும் மீட்டனர். மூடப்படவிருந்த அவ்வணி அவ்வாண்டே தேசிய இறுதிச் சுற்றுக்குச் சென்றது.

இவ்விரு வரலாறுகளையும் நம் நாட்டு வரலாற்றோடு வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. நெருக்கடிக் காலத்தில் நிதி திரட்டலாமா, ஆகாதா என்பது மேலெழுந்த வினாவே. திரட்டிய நிதி யார் சொற்படி நடக்கும் என்பதே உள்ளுறைந்த வினா. சிக்காகோவில் நிருவாகம் ஆர்வலரை விலக்கிற்று. ஆட்டமும் உடன் விலகிற்று. பேர்க்லியில் ஆர்வலர் ஈந்தனர்; ஆயினும் பகிர்வை நிருவாகமும் சட்டமும் முடிவு செய்தன; ஆரவாரமில்லாத மகளிர் விளையாட்டுகள் அதனாலேயே முதலிற் பிழைத்தன. ஈவோர் விருப்பத்துக்கே விட்டிருப்பின் அவை கடைசி வரிசையிலேயே நின்றிருக்கும். இது ஈவோரின் குற்றமன்று. மனிதன் தான் கண்டு களித்ததற்கே ஈவான். நம் பாடசாலைகளிலும் பெரும் போட்டிக்குப் பெருகி வரும் நிதி, அதே பாடசாலையின் மேசைப்பந்து அணிக்கும், ஓட்டப் பயிற்சிக்கும், மகளிர் கல்லூரியின் வலைப்பந்துத் திடலுக்கும் வருவதில்லை என்பதை யாவரும் அறிவோம்.

இவ்விடத்து ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டியவனாகின்றேன். 2022 இல் வடகொழும்புப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் கூட்டத்தில் இருந்தேன்; பெயர் வேண்டா. ஆண்டுப் போட்டிக்குச் சேர்ந்த தொகையை உலருணவுப் பொதிகளாக்கி மாணவர் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் ஒருவர். அவை கை தட்டிற்று. முதியவர் ஒருவர் மெல்ல எழுந்தார். "தம்பி, பொதி ஒரு கிழமைக்குக் காணும். இந்த வருஷம் கடைசி வருஷமாய் நிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வருஷம் இல்லை" என்றார். அவையினர் அமைதியாயினர். இருவர் கூற்றும் அறமே. கழகத்துக்குப் பணம் செலுத்திப் பயிலும் செல்வர் பிள்ளைக்குப் போட்டி நின்றால் இழப்புச் சிறிது. பாடசாலைத் திடலைத் தவிர வேறு திடல் அறியாத பிள்ளைக்கே அது பேரிழப்பு. சிக்கனம் முதலில் எவரைச் சுடும் என்பதை எண்ணாது சிக்கனம் பேசுதல் அறமாகாது.

இறுதியில் முடிவு செய்தவர் அதிபரே. போட்டி நடைபெறும், ஊர்வலமும் விருந்தும் இல்லை, அவற்றுக்கென ஒதுக்கிய தொகை அப்பியாசக் கொப்பிகளாகும், கணக்கு முழுவதும் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும் என்றார். முணுமுணுத்தோர் சிலர் இருந்தனர். ஆயினும் அப்பலகையின்முன் பெற்றோர் நின்று வரிவரியாக வாசித்ததை நான் கண்டேன். வள்ளுவர் ஈகையைப் பேசிய அதிகாரத்துக்கு அடுத்துப் புகழைப் பேசினார். ஈவோர் புகழ் பெறுதல் முறையே; அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயின் அவர் ஈந்த பொருளின் ஆட்சி கல்லூரியிடமே இருத்தல் வேண்டும். அவ்வாட்சிக்குக் கல்லூரி வெளிப்படையாகக் கணக்குக் காட்டுதலும் வேண்டும். இவ்விரண்டும் அமைந்தவிடத்து, எந்நெருக்கடியிலும் விளையாட்டுக்கு நிதி திரட்டுதல் நாணத்தக்க செயலன்று. இவ்விரண்டும் இல்லாதவிடத்து, செல்வம் கொழிக்கும் காலத்திலும் அது கல்விக்கு ஊறாகவே முடியும் என்பது துணிபு.