மூலநோயும் மட்டக்களப்பு வாவிக்கரையும்

மாந்தர் நெடுங்காலமாக அறிந்தும் வாய்விட்டுரைக்க நாணுகின்ற பிணிகளுள் மூலநோய் ஒன்று. அதன் மருத்துவ வரலாறு, அறிவு வளர்ந்த வரலாறாக மட்டுமன்றி, நாணத்தினால் நேர்ந்த இழப்பின் வரலாறாகவும் விளங்குகின்றது.

வாதமும் பித்தமும் கேடுற்றுக் கூடுவதால் மூலம் தோன்றுமெனச் சித்த மருத்துவர் கொண்டனர். யூகி முனிவர் பெயரால் வழங்கும் மரபு அதனை 21 வகையாகப் பகுக்கின்றது. துத்தியிலையும் கருணைக்கிழங்கு இலேகியமும் பரியாரிமார் கைக்கொண்ட மருந்துகள். வடமொழியில் சுசுருதர் மருந்து, காரம், தீ, சத்திரம் என நான்கு வழிகளை வகுத்தார். கிரேக்க நாட்டு இப்போக்கிரதேசு மரபினரும் காய்ச்சிய இரும்பாற் சுடும் முறையைக் குறித்துள்ளனர்.

மேனாட்டில் இத்தகைய நோய்களுக்கெனவே 1835இல் இலண்டன் நகரில் சென் மாக்ஸ் வைத்தியசாலை தோன்றிற்று. ஈழத்திலோ, 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. 1937இல் மில்லிகன், மோர்கன் என்போரின் அறுவை முறையும், 1963இல் பரனின் இறப்பர் வளையத்தாற் கட்டும் முறையும் அறிமுகமாயின. 1975இல் தொம்சன், குதவாயினுள் எல்லோர்க்கும் இயல்பாகவே மெத்தை போன்ற குருதிநாளத் திசுக்கள் உண்டென்றும், அவை வீங்கிக் கீழிறங்குவதே மூலநோய் என்றும் விளக்கினார். முக்கி மலங்கழித்தலும் மலச்சிக்கலும் அவ்விறக்கத்தை மிகுவிக்கும்.

இவ்வறிவு மட்டக்களப்பு வாவியின் இருகரைகளுக்கும் எட்டுவதற்கு நீரும் ஒரு தடையாயிற்று. 1924இல் அமைந்த கல்லடிப் பாலம் கல்லடியை நகரோடு இணைத்தது. ஆயினும் மண்முனைத்துறையிலே படுவான்கரை மக்கள் எழுவான்கரையை அடைய ஓடத்தையே நம்பியிருந்தனர். அங்குப் பாலம் திறக்கப்பட்டது 2014இல். நோயாளர் பலர் அண்மையிலுள்ள பரியாரியாரையே நாடியமை இதனால் வியப்பன்று. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்துக்கும் சட்ட ஏற்பு அளித்தது. அரசினர் வைத்தியசாலைகளிற் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

நீர்த்தடை நீங்கினும் நாணமென்னும் தடை நீங்கிற்றிலது. அதுவே பெருந்தீங்கு. மலத்தோடு குருதி கசிதல் யாவும் மூலமன்று. பெருங்குடற் புற்றுநோயும் அவ்வாறே வெளிப்படலாம். குருதி தொடர்ந்து கசியினும், உடல் மெலியினும், மலங்கழியும் வழக்கம் மாறினும், சோகை தோன்றினும் மருத்துவரைக் காணத் தாழ்த்தலாகாது. பிறர்க்கு உரைக்க நாணிக் காலங்கடத்துவோர், எளிதிற் குணமாகக்கூடிய நோயையும் முற்றவிட்டு அல்லலுறுவர்.

தடுத்தல் அரிதன்று. தவிடு நீங்காத சிவப்பரிசி, கீரை, காய்கனி, பயறு என்பன மலத்தை இளக்கும். நீர் போதிய அளவு பருகுதலும் வேண்டும். மலங்கழிக்கும் உணர்ச்சியை அடக்குதல், மலகூடத்தில் நெடுநேரம் அமர்தல், முக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தொடக்க நிலையிலுள்ள மூலம் பெரும்பாலும் இவ்வொழுக்கத்தாலேயே தணியும். வெந்நீரில் அமர்தலும் நோவைக் குறைக்கும்.

வாவிசூழ் வயல்நாட்டார்க்குச் சிவப்பரிசியும் கீரையும் புதியன அல்ல. மருந்தும் சத்திரமும் காலந்தோறும் மாறின. உணவொழுக்கத்தின் பயனோ மாறிற்றிலது. அதனோடு, நோயை மறையாது உரைக்கும் துணிவும் சேருமாயின், பல துன்பங்கள் தொடக்கத்திலேயே நீங்கும்.