மிஞ்சிய நிதி யாருடையது? மாளிகாவத்தையை முன்வைத்து மாநகர நிதி மறுஒதுக்கீடு பற்றி

வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்போது விவாதமும் வாக்கெடுப்பும் நடக்கின்றன. பத்திரிகைகளும் அதைப் பேசுகின்றன. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், செலவாகாத தொகை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படும்போது இந்தச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. அது கணக்குப் பிரிவின் அன்றாட அலுவலாக முடிந்துவிடுகிறது. ஆனால் யாருக்கு எது கிடைக்கும் என்ற தீர்மானம் அங்கே மறுபடியும் எடுக்கப்படுகிறது. மறுஒதுக்கீடு என்பது இரண்டாவது வரவு செலவுத் திட்டம். முதலாவது திட்டம் எந்த இடத்து மக்களின் பெயரால் நிறைவேறியதோ, அவர்களுக்கு இரண்டாவதிலும் பேச உரிமை உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். கொழும்பு 10இலுள்ள மாளிகாவத்தையை முன்வைத்து அது இங்கே பரிசீலிக்கப்படுகிறது.

ஒரே இடம், மூன்று பைகள்

அரச தொடர்மாடிகள், அவற்றைச் சூழ்ந்த நெருக்கமான தோட்டங்கள், பெரிய முஸ்லிம் மையவாடி, பக்கத்திலேயே 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம விளையாட்டரங்கு: மாளிகாவத்தையின் முகம் இது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி. இங்கே ஒரு வடிகானோ சனசமூக நிலையமோ கட்டுவதற்குப் பணம் மூன்று வழிகளில் வரலாம். முதலாவது கொழும்பு மாநகர சபையின் சொந்த நிதியம். இரண்டாவது, 1974இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம், மக்கள் எம்.பி. நிதி என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பெருந்திட்டங்கள். வெள்ளக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்டு 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் வழங்க இணங்கிய பெருநகர கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டம் இதற்கு உதாரணம்.

இம்மூன்றிலும் பணம் செலவாகாமல் போனால் விளைவு ஒன்றல்ல. பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அடங்குவது. டிசம்பர் 31உடன் அது காலாவதியாகி, திறைசேரியின் கணக்கிலேயே நின்றுவிடும். மாநகர நிதியத்தின் பணம் எங்கும் போவதில்லை. ஆனால் அது எந்த வேலைக்கு என்று கொடுக்கப்பட்ட அனுமதி ஆண்டோடு முடிகிறது. கடன் திட்டத்தில் மிஞ்சியதைக் கடன் கொடுத்தவரின் இணக்கத்துடன் வேறு தேவைக்குத் திருப்பலாம். வட்டார மக்களின் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான்: வரும் என்றார்கள், வரவில்லை.

ஒரு வடிகான் கோப்பின் பயணம்

தொடர்மாடிகள் இரண்டுக்கு இடையே ஓடும் ஒரு வடிகானின் கோப்பு எப்படி நகரும் என்று பார்ப்போம். பெப்ரவரியில் முன்மொழிவு கேட்கப்படும். மெம்பரோ எம்.பி.யோ வேலையின் பெயரைக் கொடுப்பார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்துக்கு வந்து அளந்து மதிப்பீடு போடுவார். அப்போதுதான் கேள்வி எழும்: இந்த வடிகான் யாருடையது? வீதியோரக் கானென்றால் மாநகர சபை. தொடர்மாடியின் பொதுப் பகுதிக்குள் என்றால், 1973இல் பொது வசதிகள் சபையாகத் தொடங்கி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை எனப்படும் நிறுவனத்தின் பார்வைக்குள் வரும். வீடுகள் உரிமை மாற்றப்பட்டிருந்தால் குடியிருப்பாளர் கூட்டுக்கும் பொறுப்புண்டு. கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் நடு ஆண்டு கடந்துவிடும். பிறகு கேள்விப்பத்திரம், ஒக்டோபர் மழை, கட்டுநிதி வரத் தாமதம். டிசம்பர் நடுப்பகுதியில் கோப்பின் மேல் "இவ்வாண்டு செய்ய இயலாது" என்ற குறிப்பு விழும். அழுக்கு நீர் கீழ்மாடி வாசலில் அப்படியே நிற்கும். ஒதுக்கிய பணம் "சேமிப்பு" என்ற தலைப்பின் கீழ் வரும்.

செலவாகாத பணத்தில் மூன்று வகை உண்டு. வேலை முடிந்து மதிப்பீட்டைவிடக் குறைவாகச் செலவானதால் மிஞ்சியது ஒன்று. ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கொடுப்பனவு மட்டும் பாக்கி நிற்பது இன்னொன்று. வேலையே தொடங்காததால் தொடப்படாமல் இருப்பது மூன்றாவது. முதல் வகையைத் தாராளமாக மாற்றலாம். இரண்டாவது வகையைத் தொட்டால் அது வாக்குத் தவறுதல். மூன்றாவது வகையில் மிஞ்சியிருப்பது பணமல்ல, செய்யாத வேலை. கணக்கேடு மூன்றையும் ஒரே நிரலில் போடுகிறது. ஒரு செலவு விடயத்தில் மீந்ததை மற்றொன்றுக்கு மாற்ற வழிவகுக்கும் நிதிப் பிரமாணம் 66உம் தலைப்பு, நிகழ்ச்சித்திட்டம், செலவு விடயம் என்ற வரிசையில்தான் சிந்திக்கிறது; மாளிகாவத்தையிலிருந்து எடுத்து வேறு வட்டாரத்துக்குக் கொடுத்தால் அந்த வரிசையில் எந்த மாற்றமும் தெரியாது. இடம் என்பது கணக்கின் மொழியிலேயே இல்லை.

பணம் மிஞ்சியது தேவை இல்லாததால் என்று எவரும் சொல்ல முடியாது. 2020 மே 21 அன்று, ஊரடங்கும் நோன்பும் சேர்ந்திருந்த நாளில், தனியார் ஒருவர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்த இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் மாளிகாவத்தையில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். சிறு தொகைக்காக அத்தனை பேர் திரண்ட இடத்தின் பெயரால் ஒதுக்கிய பொதுப்பணம் செலவாகாமல் நிற்குமானால், குறை பணத்தில் அல்ல. அதைக் கொண்டு சேர்க்கும் பொறியில்.

காலாவதி, நிரந்தரம், நடுவழி

உலக அனுபவத்தில் இதற்கு மூன்று தீர்வுகள் தெரிகின்றன. இலங்கையின் ஆண்டிறுதிக் காலாவதி ஒன்று. இந்திய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி அதற்கு நேரெதிர். 1993இல் தொடங்கிய அத்திட்டத்தில் பணம் காலாவதியாவதில்லை. செலவழிக்காதது அடுத்த ஆண்டுக்குப் போகும். ஆனால் அந்தப் பாதுகாப்பும் முழுமையானதல்ல. 2020 ஏப்ரலில் கொவிட் காரணமாக அத்திட்டமே நிறுத்தப்பட்டு, நிதி மத்திய அரசின் பொதுக் கணக்குக்குப் போனது. 2021 நவம்பரில்தான் மீண்டது.

மூன்றாவது அமெரிக்காவின் சமுதாய அபிவிருத்தி மானியம். நமது பன்முகப்படுத்தப்பட்ட நிதி பிறந்த அதே 1974இல் அதுவும் பிறந்தது. அங்கே நகர சபை பணத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்திருக்கலாம். ஆனால் ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது கையிருப்பு ஓராண்டு மானியத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் மத்திய அரசு கேள்வி கேட்கும். பணத்தை வேறு வேலைக்குக் கணிசமாக மாற்றுவதென்றால் பொது அறிவித்தல் கொடுத்து, குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். காலக்கெடுவும் உண்டு, கலந்தாலோசனையும் உண்டு. நமக்கு முதலாவது மட்டுமே கிடைத்திருக்கிறது.

தகவலறியும் உரிமைச் சட்டம் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) இந்த இடைவெளியைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டு நிற்கிறது. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் தொடங்க மூன்று மாதம் முன்பே உரிய அமைச்சர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. நடைமுறைக் காலத்தில் எழுத்தில் கேட்டால் புதிய தகவலும் தர வேண்டும். ஆனால் திட்டம் கைவிடப்பட்டுப் பணம் வேறிடம் போவதைக் கேளாமலே சொல்லும் கடமை அதில் இல்லை.

சபையே இல்லாத காலம்

கொழும்பு மாநகர சபையின் பதவிக்காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பணம். அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் தேர்தலுக்கு ஒதுக்கிய நிதியைத் தடுத்து வைக்கக் கூடாதென்று உயர் நீதிமன்றம் மார்ச் 3இல் இடைக்கால உத்தரவு இட்ட பின்பும் நிலைமை மாறவில்லை. தேர்தல் நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்ட் 22இல் வந்தது. வாக்களிப்பு 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காலம் மாநகர ஆணையாளரின் நிர்வாகம். மறுஒதுக்கீட்டைக் கேள்வி கேட்க வட்டாரத்துக்கு ஒரு மெம்பர்கூட இல்லை.

ஒதுக்கிய பணத்தை விடுவிக்காமல் வைத்திருப்பதும் ஓர் அரசியல் செயலே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இங்கே செலவாகாத பணம் பறித்தது ஒரு வடிகானை அல்ல, வடிகானைப் பற்றிப் பேச இருந்த சபையையே.

எதிர்வாதங்கள்

அவசர காலத்தில் கலந்தாலோசனைக்கு நேரமேது என்பது முதல் எதிர்வாதம். 2022இல் உலக வங்கி நடப்புத் திட்டங்களில் எஞ்சிய கடன்தொகையை மருந்து, சமையல் எரிவாயு, பசளை, வறிய குடும்பங்களுக்கான உதவிப்பணம் ஆகியவற்றுக்குத் திருப்பியது. எரிவாயு வரிசையில் விடிய விடிய நின்ற கொழும்பு மக்கள் எவரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை. ஆனால் அவசரம் முறையைச் சுருக்கலாம், ஒழிக்கக் கூடாது. 2020இல் அமெரிக்காவும் கொவிட் மானியத்துக்கு 30 நாளை 5 நாளாகச் சுருக்கியதே தவிர, அறிவித்தலைக் கைவிடவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. வட்டாரத்துக்கென்று பணத்தைப் பூட்டி வைத்தால், செய்ய முடியாத வேலைக்காக அது தூங்கும். பக்கத்து வட்டாரத்தில் தயாராக உள்ள வேலை நிற்கும். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே உரிமைக்குக் காலவரையறை தேவை. ஆனால் வேலையைச் செய்ய முடியாமல் போனது மக்களாலா, அலுவலகத்தாலா என்பதையும் பார்க்க வேண்டும். உரித்துப் பிரச்சினையை மூன்று நிறுவனங்கள் தமக்குள் தீர்க்காததால் மிஞ்சிய பணத்தை அந்த மக்களிடமிருந்தே எடுப்பது, ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவரைத் தண்டிப்பதாகும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிவில், செலவாகாத தொகைகளின் பட்டியலை வட்டார வாரியாக, மேலே சொன்ன மூன்று வகையாகப் பிரித்து, காரணத்தோடு மும்மொழியிலும் மாநகர சபை வெளியிட வேண்டும். ஜனவரியில் வெளியிட்டால் பயனில்லை. செப்டம்பரில் என்றால் மூன்று மாதம் கையில் இருக்கும்.

இரண்டாவதாக, தொடங்காத வேலையின் பணத்தை முதலில் அதே வட்டாரத்தின் மாற்று வேலைக்கே கொடுக்க வேண்டும். மதிப்பீடு முடித்த மாற்று வேலைகள் ஒன்றிரண்டை ஒவ்வொரு வட்டாரமும் கையில் வைத்திருந்தால் இது இயலும். 1970களின் இறுதியிலிருந்து யுனிசெப் உதவியுடன் கொழும்பில் உருவான சமுதாய அபிவிருத்தி மன்றங்களும், 1980களில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை குடியிருப்பாளருக்கே சிறு கட்டுமானங்களை ஒப்பந்தம் செய்த முறையும் இதற்கு உள்ளூர் முன்னுதாரணங்கள்.

மூன்றாவதாக, 30 நாள் அறிவித்தலுக்குப் பின்னும் அதே வட்டாரத்தில் தயாரான வேலை இல்லையென்றால் பணம் வெளியே போகலாம்; ஆனால் அந்தத் தொகை அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அவ்வட்டாரத்துக்குத் தரவேண்டிய பாக்கியாகப் பதியப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. சபையின் ஒரு தீர்மானமும், கணக்கேட்டில் வட்டாரத்தின் பெயரை எழுத ஒரு நிரலும் போதும். 2025 ஜூனில் மேயரைத் தெரிவுசெய்து மீண்டும் கூடிய சபை இதைச் செய்யுமானால், மாளிகாவத்தைக்கென ஒதுக்கிய ரூபா கடைசியில் எங்கே போனது என்ற கேள்விக்கு முதல் தடவையாகக் கணக்கேடே பதில் சொல்லும்.