கடலுப்பும் காலராக் கிருமியும்

புத்தளக் கரையில் உப்பளங்கள் தரும் வெண்குவியலை உணவுக்குரிய பொருளென்றே எண்ணுகிறோம். நோயை இனங்காணவும் கடலுப்புத் துணைநின்ற வரலாறு ஒன்றுண்டு.

தொலைவிலுள்ள கிராமத்தில் வாந்திபேதி கண்டவரின் மலம் ஆய்வுகூடம் சேர முன்னாளில் பல நாட்களாகும். இடைவழியில் பிற நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேற்ற, காலராக் கிருமி மடிந்துவிடும். கிருமி அகப்படாதபோது நோயும் இல்லையெனத் துணிந்தால், கொள்ளைநோய் ஊரெங்கும் பரவும்.

1941-இல் இந்திய ஆய்வாளர்களான வெங்கட்ராமனும் இராமகிருஷ்ணனும் இதற்கு வழிகண்டனர். ஒரு லீற்றர் நீருக்கு 20 கிராம் கடலுப்பு எனக் கரைத்து, அதற்குக் காரத்தன்மை ஊட்டினர். உவரையும் காரத்தையும் தாங்கவல்ல காலராக் கிருமி, பனிக்கட்டியின்றியே அதில் வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்தது. ஏனையவை பெருகவியலாது ஒடுங்கின.

கொல்லும் கிருமியை ஆய்வுகூடம்வரை உயிரோடு கொண்டுசேர்த்ததனாலேயே, மருத்துவர் நோயை உரிய வேளையில் அறிந்து ஊரைக் காக்க முடிந்தது.