ஜூலை 31: ஒரு கெடு, இரண்டு மனது

2015 ஜூலை 29 இரவு. நியூயார்க்கின் சிட்டி ஃபீல்ட் மைதானத்தில் ஆட்டம் இன்னும் முடியவில்லை. மெட்ஸ் பேஸ்பால் அணியின் வில்மர் ஃப்ளோரஸ் களத்தில் தன் இடத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை மில்வாக்கி அணிக்குக் கொடுத்துவிட்டு கார்லோஸ் கோமஸை வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி, அவர் காதுக்கு எட்டும் முன்பே பார்வையாளர்களின் கைபேசிகளுக்கு வந்துவிட்டது. அவர் மட்டையோடு வந்து நின்றபோது கூட்டம் எழுந்து கைதட்டி வழியனுப்பியது. வெனிசுவேலாவிலிருந்து 16 வயதில் மெட்ஸில் சேர்ந்தவர். வேறு அணியை அறியாதவர். ஆனால் கைதட்டிய அதே ரசிகர்கள்தான், ரன் எடுக்கத் திணறிக்கொண்டிருந்த அணிக்கு நல்ல பேட்டர் ஒருவர் வேண்டும் என்று அந்தக் கோடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர்களும். கேட்டதும் அவர்களே, கிடைக்கப்போகிற நேரத்தில் கலங்கியதும் அவர்களே. இதைக் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். பருவத்தின் நடுவே ஆட்களைக் கைமாற்றும் இந்த வழக்கத்தின் நூறாண்டுக் கதையைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது: வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதிவைப்பது ரசிகரின் அந்தத் தடுமாற்றம் மட்டும்தான்.

ஐபிஎல் ஏலம் முதல் பந்து வீசப்படும் முன்பே முடிந்துவிடும். பேஸ்பாலிலோ மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை நீளும் 162 ஆட்டங்களின் நடுவிலேயே ஆள் மாறும். ஒப்பந்தம் அணியின் கையில் இருப்பதால், பெரும்பாலான வீரர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதுகூட இல்லை. இதன் வேர் 1879இல் நேஷனல் லீக் முதலாளிகள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைத் தனக்கே உரியவர்களாக ஒதுக்கிக்கொள்ளலாம், மற்ற அணிகள் அவர்களைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ‘ரிசர்வ்’ விதி எனப்பட்ட இது பிறகு எல்லா வீரர்களுக்கும் விரிந்தது. வீரர் தானாக எங்கும் போக முடியாது. ஆனால் அணி அவரை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இப்படி ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு எப்போது மூடப்பட வேண்டும் என்ற கேள்வியை உரக்க எழுப்பியவர்கள் வீரர்களல்லர், முதலாளிகளுமல்லர். ஒரு நகரத்தின் ரசிகர்கள்.

1922இல் செயின்ட் லூயிஸ் நகரின் பிரவுன்ஸ் அணிக்கு அதற்கு முன் வாய்க்காத பருவம் வாய்த்தது. ஜார்ஜ் சிஸ்லர் .420 என்ற சராசரியோடு விளாசிக்கொண்டிருந்தார். நியூயார்க் யாங்கீஸோடு முதலிடத்துக்கு நேரடிப் போட்டி. அந்த ஜூலையில், பணமுடை மிகுந்த பாஸ்டன் ரெட் சாக்ஸிடமிருந்து ஜோ டூகன் என்ற தேர்ந்த மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரை யாங்கீஸ் வாங்கிவிட்டது. சில நாளிலேயே இன்னொரு லீகான நேஷனல் லீகில் நியூயார்க் ஜயன்ட்ஸும் பாஸ்டனின் இன்னொரு அணியிடமிருந்து ஹியூ மெக்வில்லன் என்ற பிட்ச்சரை 1,00,000 டாலரும் ஆட்களும் கொடுத்து எடுத்துக்கொண்டது. அந்த லீகில் ஜயன்ட்ஸின் போட்டியாளர்களில் ஒன்று செயின்ட் லூயிஸின் மற்றோர் அணியான கார்டினல்ஸ். பணப்பை கனத்தவன் பாதி வழியில் வெற்றியை விலைக்கு வாங்குகிறான் என்று செயின்ட் லூயிஸ் கொதித்தது. பிரவுன்ஸ் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் முதலிடத்தை இழந்தது. அடுத்த ஆண்டு முதல் ஜூன் 15க்குப் பிறகு இத்தகைய கைமாற்று கூடாது என்ற கெடு வந்தது. பிரவுன்ஸ் ரசிகர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? அவர்களுடைய அணி 1944இல் ஒரே ஒருமுறை லீக் பட்டம் வென்றது; 1953 பருவத்தோடு பால்டிமோருக்கே குடிபெயர்ந்தது. கெடு மட்டும் நிலைத்தது. ரசிகரின் மனக்குறை வெறும் புலம்பல் என்பவர்கள், அது விதியாகவே எழுதப்பட்டதற்கு அந்தக் கெடுவைப் பார்க்கலாம்.

கெடு வந்ததும் வலி போய்விடவில்லை, உருமாறியது. 1922இன் வலி பக்கத்து வீட்டுக்காரன் வாங்கியதைப் பார்த்த வலி. அதன்பின் வந்தது தன் வீட்டுப் பொருளை இழந்த வலி. 1977 ஜூன் 15 அன்று, அதாவது கெடு நாளிலேயே, மெட்ஸ் தன் தலைசிறந்த பிட்ச்சர் டாம் சீவரைச் சம்பளத் தகராறு முற்றியதால் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டு நான்கு இளைஞர்களைப் பெற்றுக்கொண்டது. 1969இல் அந்த அணிக்கு முதல் உலகத் தொடர் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர்களில் முதல்வர் அவர். சரியாக ஓராண்டும் ஒரு நாளும் கழித்து, 1978 ஜூன் 16இல், சின்சினாட்டி சட்டையில் சீவர் எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். மெட்ஸ் பிட்ச்சர் எவருக்கும் 2012 வரை கைகூடாத சாதனை அது. மெட்ஸ் 1977 முதல் 1979 வரை மூன்று ஆண்டுகளும் தன் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது; 1979இல் பருவம் முழுக்க வந்த பார்வையாளர் எண்ணிக்கை 8 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ரசிகர் தம் கசப்பை எந்த மன்றத்திலும் பதிவு செய்யவில்லை. டிக்கெட் கவுன்டருக்குப் போகாமல் இருந்துவிட்டார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ‘நம்ம ஆள்’ என்ற ரசிகரின் இந்தப் பாசமே வீரரைக் கட்டிவைத்த கயிற்றுக்கு முறுக்கு ஏற்றியது என்பார்கள். கார்டினல்ஸுக்காக 12 பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட், 1969 அக்டோபரில் தம்மை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தபோது, நல்ல சம்பளம் வாங்கும் ஆளுக்கு என்ன குறை என்று கேட்ட ரசிகர்கள் குறைவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று அவர் தோற்றார். மறுப்பில் உண்மை இருக்கிறது: அணி மாறும் உரிமையை வீரர் கேட்டபோது ரசிகர் பெரும்பாலும் முதலாளியின் பக்கமே சாய்ந்தார். ஆனால் அது பாசத்தின் குற்றமன்று. பாசத்தைப் பாதியில் நிறுத்தியதன் குற்றம். சீவர் போனதற்கு அழுவது நியாயம் என்றால், ஃப்ளட் போக மறுத்ததும் அதே நியாயம்தான். ஓர் ஊரில் வேர்விட்டவரைச் சரக்குபோல ஏற்றி அனுப்பக்கூடாது என்பதே இரண்டுக்கும் அடி. 1973இல், லீகில் 10 ஆண்டும் ஒரே அணியில் தொடர்ந்து 5 ஆண்டும் ஆடியவர் தம் கைமாற்றைத் தடுக்கலாம் என்ற உரிமை வந்தது. 1975 கடைசியில் நடுவர் மன்றத் தீர்ப்பொன்று ரிசர்வ் விதியின் பிடியையே தளர்த்தியது. ரசிகரின் உள்ளுணர்வு சொன்னதைச் சட்டம் தாமதமாகவும் அரைகுறையாகவும் ஒப்புக்கொண்டது.

1986இல் கெடு ஜூலை 31க்குத் தள்ளப்பட்டது. பார்க்கச் சிறிய மாற்றம், விளைவு பெரியது. ஜூன் நடுவில் எந்த அணிக்கும் தன் கதி தெரியாது. ஜூலை முடிவில் பருவத்தின் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். யார் கரையேறுவார், யார் மூழ்குவார் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். மூழ்கும் அணி பெயர் பெற்றவரை விற்று, பெயர் தெரியாத இளையவர்களை வாங்கும். கரையேறும் அணி விதைநெல்லை எடுத்து உலையில் போடும். அப்போது வந்தது மூன்றாவது வகை வலி. கெடு தாண்டியும் ஆகஸ்டில் சில நிபந்தனைகளோடு கைமாற்ற இடமிருந்த காலத்தில், 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அனுபவசாலியான பிட்ச்சர் டாயில் அலெக்சாண்டரை அட்லான்டாவிடமிருந்து வாங்கியது. அவர் 9 ஆட்டம் வென்றார், ஒன்றும் தோற்கவில்லை. டைகர்ஸ் கடைசி நாள்களில் பிரிவுப் பட்டத்தைப் பிடித்தது. பிறகு மினசோட்டாவிடம் 1-4 என்று தோற்று வீடு திரும்பியது. அவருக்கு விலையாகப் போனவர் 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸ். மிச்சிகனிலேயே வளர்ந்த, டைகர்ஸ் ரசிகராகவே இருந்த பையன். அவர் 213 வெற்றிகளோடும் 154 ‘சேவ்’களோடும் (கடைசியில் வந்து காப்பாற்றிக் கொடுத்த ஆட்டங்கள்) 2015இல் பேஸ்பால் புகழ்க் கூடத்துக்குள் நுழைந்தார்.

நடந்து முடிந்தபின் எல்லோரும் ஞானிகள்தான், இது பின்னோக்கிய கணக்கு என்று இதற்கும் பதில் வரும். சரி, ஸ்மோல்ட்ஸ் எவ்வளவு பெரியவராவார் என்று 1987இல் யாருக்கும் தெரியாது. ஆனால் ரசிகரின் இரட்டை மனது வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஜோசியமன்று. விலை ஏதோ கொடுக்கப்படுகிறது என்று கொடுக்கும் நாளிலேயே குறித்துவைப்பதுதான் அதன் வேலை. பட்டம் வந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்ற வாதமும் நிற்காது. 2016 ஜூலையில் சிகாகோ கப்ஸ், கிளேபர் டோரஸ் உள்ளிட்ட இளையவர்களைக் கொடுத்து யாங்கீஸிடமிருந்து பிட்ச்சர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கியது. குடும்ப வன்முறைப் புகாரில் வழக்கு எதுவும் தொடரப்படாவிட்டாலும், லீக் விசாரித்து அந்தப் பருவத் தொடக்கத்தில் 30 ஆட்டங்களுக்கு அவரைத் தடை செய்திருந்தது. 108 ஆண்டுகளுக்குப் பிறகு கப்ஸ் உலகத் தொடரை வென்றது; அதில் அவர் பங்கும் உண்டு. ஆனால் சிகாகோ ரசிகர்கள் சிலர், அவர் காப்பாற்றித் தரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 10 டாலர் என்று, வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் அமைப்புக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அணி வெல்ல வேண்டும், வெல்லும் விதம் உறுத்துகிறது. இரண்டையும் மறைக்காமல் ஒரே ரசீதில் எழுதிய செயல் அது.

ஃப்ளோரஸின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அந்தப் பேரம் முறிந்தது. அவர் மெட்ஸிலேயே இருந்தார். இரண்டு நாள் கழித்து, 2015 ஜூலை 31 அன்று, கெடு முடியும் தறுவாயில் மெட்ஸ் டெட்ராய்டிடமிருந்து யோயனிஸ் செஸ்பெடஸை வாங்கியது. அன்றிரவே 12ஆவது இன்னிங்ஸில் ஃப்ளோரஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். ஓடி வரும்போது மார்பில் எழுதியிருந்த அணியின் பெயரைக் கையால் பற்றிக்கொண்டார். கேட்ட பேட்டரும் வந்தார், தம் பையனும் தங்கினார். அந்த ஆண்டு மெட்ஸ் நேஷனல் லீக் பட்டத்தையும் வென்றது. இரண்டும் ஒருசேரக் கிடைத்த அபூர்வமான இரவு. ஆனால் அன்றும் விலை இல்லாமல் இல்லை: செஸ்பெடஸுக்காகப் போனவர்களில் மைக்கேல் ஃபுல்மர் என்ற இளம் பிட்ச்சரும் உண்டு. அடுத்த ஆண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் டெட்ராய்ட் சட்டை போட்டிருந்த அவர்தான்.