மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும்

வைகை அணையின் எண்கள் ஆண்டிபட்டிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களுக்கு மனப்பாடம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 71 அடியில் அணை நிறையும். 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்த இந்த அணைக்கு வருகிற தண்ணீரில் பெரும்பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற முல்லைப் பெரியாறு அணையிலிருந்து வருவது. தேக்கடியிலிருந்து சுரங்கத்துக்குள் புகுந்து, லோயர்கேம்ப் மின் நிலையத்தில் விழுந்து, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்ந்த பிறகுதான் அது வைகைக்கு வந்து சேர்கிறது.

அந்த மலை அணையைப் பற்றி 142 அடி, 152 அடி என்ற நீர்மட்டக் கணக்கில்தான் ஊரெல்லாம் பேசுகிறது. ஆனால் 45 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வழக்கையும் வாக்குவாதத்தையும் கிளறிப் பார்த்தால் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. அணையை யார் சோதிப்பது, எப்போது சோதிப்பது, அந்த நாளைக் குறிக்கும் அதிகாரம் யாருடையது?

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரும் ஆங்கிலேய அரசும் அணைக்கான 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. பொறியாளர் பென்னிகுக் கட்டிய அணையை 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். கருங்கல் முகப்புக்கு உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடியும், கலந்த கான்கிரீட். அந்தக் காலத்துக்கு அருமையான கலவைதான். ஆனாலும் உள்ளே ஊறும் நீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் 1930-களிலும் மறுபடி 1960-களிலும் அணையில் துளையிட்டு, சிமெண்டுக் குழம்பை அழுத்தத்தில் செலுத்தி அடைத்தார்கள். இதற்கெல்லாம் எந்தச் சட்டமும் நாள் குறிக்கவில்லை. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் தங்கள் பதிவேட்டைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்தார்கள்.

1979 ஆகஸ்ட் 11 அந்தக் காலத்தை முடித்துவைத்தது. குஜராத்தில் மச்சூ-2 அணை உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பெரியாற்றின் கீழ்க்கரையில் இருந்த கேரள மக்களுக்கு ஏற்பட்ட பயம் நியாயமானது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று மத்திய நீர்வள ஆணையத் தலைவர் கே.சி. தாமஸ் இரு மாநிலப் பொறியாளர்களையும் திருவனந்தபுரத்தில் கூட்டினார். பலப்படுத்தும் வேலை முடியும்வரை நீர்மட்டத்தை 136 அடியில் நிறுத்துவது என்று முடிவாயிற்று. மதகுகளின் அடித்தளம் இருப்பதும் 136 அடியில்தான். அதற்கு மேல் வருவதெல்லாம் கேரளப் பக்கம் வழிந்து போனது.

வேலை மூன்று கட்டமாக நடந்தது. முதலில் அணையின் தலையில் கான்கிரீட் மூடி. அடுத்து, மேலிருந்து அடிப்பாறை வரை துளைத்து இறக்கி முறுக்கிக் கட்டிய எஃகு வடங்கள். கடைசியாக, பின்பக்கம் முட்டுக்கொடுத்த புதுக் கான்கிரீட் சுவர். அந்தச் சுவருக்குள் ஆள் நடந்துபோகும் அளவுக்குச் சுரங்க நடைகள் விடப்பட்டன. அணையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது இங்கேதான். ஊறி வரும் நீரெல்லாம் ஓடையாகச் சேர்ந்து, 'வி' வடிவில் வெட்டிய ஒரு தகட்டைத் தாண்டும். அந்த வெட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கசிவு என்பது தெரிந்துவிடும்.

ஒரு நாளின் கசிவு அளவைத் தனியாக வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அணை 130 அடியில் இருக்கும்போது இன்று இவ்வளவு கசிகிறது. போன ஆண்டு இதே 130 அடியில் எவ்வளவு கசிந்தது? அதற்கு முந்திய ஆண்டு? மட்டம் ஒன்றாக இருக்க, கசிவு மட்டும் ஏறிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும். கலங்கலாக வந்தால் உடனே கவலைப்பட வேண்டும். ஆகவே, தவறாமல் ஒரே முறையில் எடுத்த அளவுகளுக்கு மட்டுமே மதிப்பு உண்டு. கால அட்டவணை என்பது இங்கே அலுவலகச் சடங்கு அல்ல, சோதனையே அதுதான்.

பலப்படுத்தும் வேலைகளில் பெரும்பகுதி முடிந்த பிறகும் மட்டம் உயரவில்லை. 2006 பிப்ரவரி 27 அன்று 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது; சில வாரங்களிலேயே கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து அதை முடக்கியது. 2010-ல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் குழு அமைந்தது. அணையில் துளையிட்டு மாதிரி எடுத்தார்கள், நீருக்கடியில் முகப்பைப் படம் பிடித்தார்கள், நில அதிர்வையும் வெள்ளத்தையும் கணக்கிட்டார்கள். அணை பத்திரமாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை வந்தது. அதற்கு முந்திய டிசம்பரில் கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி எல்லையை நோக்கி நடந்ததை அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் மறக்கவில்லை.

2014 மே 7 தீர்ப்பை எல்லோரும் 142 அடிக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவை அமைத்த நீதிமன்றம், அணையை அவ்வப்போது, குறிப்பாகப் பருவமழைக்குச் சற்று முன்பும் மழைக்காலத்திலும் ஆய்வு செய்ய வேண்டும் என்று சொன்னது. ஓர் அணையின் சோதனைக் காலத்தை உச்ச நீதிமன்றமே குறித்துக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு, நீர் 142 அடியைத் தொட்டது.

கண்காணிப்புக் குழுவும் அதன் துணைக் குழுவும் வருகிற நாளில் தேக்கடியிலிருந்து படகு புறப்படும். பிரதான அணை, அதையொட்டிய சிறிய பேபி அணை, சுரங்க நடை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். மதகுகளை மேலேற்றி இறக்கிப் பார்ப்பார்கள். பிறகு குமுளியில் கூட்டம். இதில் மதகுச் சோதனைதான் நுட்பமானது. 13 மதகுகளும் 136 அடிக்கு மேல் நிற்பவை. வெள்ளம் வந்த இரவில் அவை அசையுமா என்பதை வெள்ளம் வராத பகலில் தெரிந்துகொண்டாக வேண்டும். இத்தனைக்கும் 2000-ல் துண்டிக்கப்பட்ட மின் இணைப்பு அணைக்குத் திரும்பக் கிடைத்தது 2021 ஜனவரியில்தான். இருபது ஆண்டுகள் ஜெனரேட்டரை நம்பி ஓர் அணையை நடத்தியது இரு மாநிலங்களுக்கும் பெருமை தருவதல்ல.

அணுமின் நிலையங்களோடு வைத்துப் பார்த்தால் அணைகள் எவ்வளவு பிந்தின என்பது தெரியும். கல்பாக்கத்தின் முதல் உலை 1984 ஜனவரியில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, 1983 நவம்பர் 15 அன்று, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்துவிட்டது. உலையை இயக்க உரிமம் ஐந்தாண்டுக்கு மேல் கிடையாது, பத்தாண்டுக்கு ஒருமுறை முழுப் பாதுகாப்பு மறுஆய்வு என்பவை இன்று அங்கே நடைமுறை. சோதனை நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் செர்னோபில் சாட்சி. 1986 ஏப்ரலில் பகலில் நடக்க வேண்டிய ஒரு பாதுகாப்புச் சோதனை, மின்சாரம் தேவை என்று கீவிலிருந்து சொன்னதால் பல மணி நேரம் தள்ளிப்போயிற்று. கடைசியில் அதற்கென்று தயாராகாத இரவுப் பணியாளர்கள் தலையில் அது விழுந்தது.

இந்திய அணைகளுக்கு அப்படியொரு சட்டம் 2021 டிசம்பரில்தான் வந்தது. மழைக்கு முன்பும் மழைக்குப் பின்பும், வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் அதையொட்டியும் ஆய்வு கட்டாயம் என்றது அணைப் பாதுகாப்புச் சட்டம். உரிமை பறிபோகும் என்று தமிழ்நாடு அதைக் கடுமையாக எதிர்த்தது. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநில மண்ணில் இருந்தால் கண்காணிப்பு தேசிய ஆணையத்திடம் போகும் என்ற பிரிவு முல்லைப் பெரியாறுக்கும் பரம்பிக்குளத்துக்கும் நேரடியாகப் பொருந்தியதால், அந்தப் பயத்தில் அர்த்தம் இருந்தது. 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆணையம் முழுமையாகச் செயல்படும்வரை அதன் அதிகாரங்களைக் கண்காணிப்புக் குழுவுக்குத் தந்து, இரு மாநிலத்திலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்த்தது.

இப்போதைய இழுபறி முழுமையான பாதுகாப்பு மதிப்பீட்டைப் பற்றியது. அதை உடனே செய் என்கிறது கேரளம். பேபி அணையைப் பலப்படுத்திவிட்டுச் செய்வதே முறை என்கிறது தமிழ்நாடு. அந்த வேலைக்குத் தடையாக நிற்கும் மரங்களில் 15-ஐ வெட்ட 2021 நவம்பரில் கேரள வனத்துறை கொடுத்த அனுமதி சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீட்டுக்குத் தமிழக விவசாயிகள் பயப்படத் தேவையில்லை. ஆனந்த் குழு நடத்திய விரிவான சோதனை அணையின் பக்கமே பேசியிருக்கிறது. அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. கசிவு அளவு அப்படி அன்றாடம் வருவதில்லை. அதையும் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட்டால், கூடலூர்க்காரரும் கேரளத்து வண்டிப்பெரியாறுக்காரரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசலாம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2021 டிசம்பர் 30. ஏற்கெனவே இருக்கும் அணைகளுக்கு முதல் முழு மதிப்பீட்டை, தனித்த வல்லுநர் குழுவைக் கொண்டு, அந்நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அதன் 38-வது பிரிவு. முல்லைப் பெரியாறுக்கும் கெடு அதே 2026 டிசம்பர்தான்.